அத்தை வீட்டு ஆறாம் நிலை

படித்த இரண்டு வருடங்களையும் முதலில் படிக்காததாக ஆக்கிக்கொண்டால்தான் மூன்றாம் வருடத்தில் சேரலாம் என்று நைரி சொன்னதை லெசியேலி கேலி என்றுதான் எடுத்துக்கொண்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சிரிக்கவில்லை. கல்லூரியில் எந்தப் படிப்புக்குப் பிறகு எந்தப் படிப்பு என்று வழி சொல்வதுதான் நைரியின் வேலை. ஜனவரி மாதம் முழுக்க அவள் அறைக்கு வெளியே ஆட்கள் காத்துக்கிடப்பார்கள்.

"இங்க பாரு. உன்கிட்ட இருக்கறது ஆறாம் நிலை, டிப்ளமோ. டீச்சராப் பதிவு பண்ண ஏழாம் நிலை வேணும், டிகிரி. டிகிரியோட முதல் ரெண்டு வருஷமும் உன் டிப்ளமோவும் ஒரே பாடம், ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார். புரியுதா?"

"புரியுது. அப்ப நேரா மூணாம் வருஷம்தானே."

"டிப்ளமோவைக் கையில வாங்காம இருந்திருந்தா நேரா மூணாம் வருஷம். நீதான் வாங்கிட்டியே. ஒரே படிப்பை ரெண்டு பட்டத்துக்கு முழுசா கணக்குக் காட்ட இங்க விட மாட்டாங்க. பாதிதான் எடுத்துப்பாங்க. மிச்சத்தைத் திரும்பப் படிக்கணும், மொத்தம் இன்னும் ரெண்டு வருஷம்."

"எனக்கு ஒரு வருஷம்தான் லீவு குடுத்திருக்காங்க."

"அப்படின்னா டிப்ளமோவைத் திருப்பிக் குடு. அது ரத்தாயிடும். படிச்சது மொத்தமும் டிகிரி கணக்குல ஏறிடும். ஒரே வருஷத்துல முடிச்சுட்டுப் போயிடலாம்." நைரி பேனாவை மூடினாள். "அன்னிக்கே யாரும் சொல்லலையா, பட்டமளிப்புக்குப் பேர் குடுக்காதே, அப்படியே தொடர்ந்து படின்னு?"

சொல்லியிருந்தார்கள். இதே அறையில் வேறு ஒருவர் உட்கார்ந்து, அக்கறையாகத்தான் சொன்னார்.

"சொன்னாங்க. ஆனா அதுக்குள்ள விருந்துக்குப் பன்னி சொல்லியாச்சு."

"ஓ."

"சர்ச் ஹாலும் சொல்லியாச்சு. வவாவுத் தீவுல இருந்து எங்க அத்தை டிக்கெட்டும் எடுத்தாச்சு. அதுக்கப்பறம் விழா இல்லன்னா எப்படி?"

நைரி மாவோரிப் பெண். அவளுக்கும் பெரிய குடும்பம். பன்றி சொன்ன பிறகு எதையும் நிறுத்த முடியாது என்பதை அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "சரி, போகட்டும். அசல் சான்றிதழைக் கொண்டுவா. மாசக் கடைசியில கமிட்டி கூடுது, அதுக்குள்ள வேணும்."

"அசல் என்கிட்ட இல்ல."

"தொலைச்சிட்டியா? அதுக்கும் வழி இருக்கு. தொலைஞ்சு போச்சுன்னு சத்தியம் பண்ணி எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கிட்டு வா. போதும்."

"தொலையல. வவாவுல அத்தை வீட்டுச் செவுத்துல மாட்டியிருக்கு."

"அத்தைன்னா அப்பா கூடப் பொறந்தவங்களா?"

"அப்பாவுக்கு அக்கா."

டோங்காக்காரர்களின் அத்தைகளைப் பற்றி நைரிக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த ஆளைக் கூப்பிட எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அது நடந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பட்டமளிப்பு முடிந்த சனிக்கிழமை, ஆக்லாந்தின் மாங்கெரேயில் சர்ச் ஹால் நிறையக் கூட்டம். லெசியேலியின் இடுப்பில் டோங்கா வழக்கப்படி பாய் சுற்றியிருந்தது, கழுத்தில் மிட்டாய் மாலைகள் காது மறையும் உயரத்துக்கு ஏறியிருந்தன. நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. மேடைக்கு நேர் எதிரே, எல்லோருக்கும் மேலான இடத்தில் வைமோவானா அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்படித்தான் உட்கார வேண்டும். தம்பி பிள்ளைகளின் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அவளுக்குத்தான் முதல் பங்கு. கேக்கின் மேலடுக்கும் பெரிய பாயும் மரப்பட்டைத் துணியும் அவள் முன்னால் வந்து குவிந்தன. பாதிரியார் எழுந்து, "நம் சபைக்கு ஓர் ஆசிரியை கிடைத்திருக்கிறாள்" என்றார். ஹால் அதிரும்படி கைதட்டினார்கள். அந்தக் காகிதம் ஆசிரியையாக்கும் காகிதம் இல்லை, அதற்கு இன்னும் ஒரு படி இருக்கிறது என்று சொல்ல அந்த நேரத்தில் யாருக்கு மனம் வரும்? லெசியேலி தலையைக் குனிந்துகொண்டாள். மிட்டாய்த் தாள்கள் சரசரத்தன.

பிறகு அத்தை எழுந்து வந்து, கண்ணாடி போட்ட சான்றிதழைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பொன்னிற முத்திரையை விரலால் தடவினாள். அப்படியே கொண்டுபோய்த் தன் பாய்க் குவியலின் மேல் வைத்துக்கொண்டாள். அப்பா கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். அடுத்த வாரம் ஆறாம் நிலை விமானம் ஏறிப் போய்விட்டது. லெசியேலியிடம் மிஞ்சியது தொலைபேசியில் எடுத்த ஒரு படம்.

வேலைக்கு அந்தப் படமே போதுமானதாக இருந்தது. சர்ச்சை ஒட்டிய டோங்கா மொழி மழலையர் பள்ளியில் அவள் உதவியாளர். பிள்ளைகள் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள், பெற்றோரும் அப்படித்தான். சம்பளத் தாளிலும் அரசாங்கத்துக்குப் போகும் கணக்கிலும் மட்டும் அவள் டீச்சர் இல்லை. இருக்கிற தலைமை ஆசிரியை அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறாள். அந்த இடத்துக்குப் பதிவு பெற்ற ஒருவர் வேண்டும். டோங்கா மொழி பேசும் ஆள் கிடைக்காவிட்டால் பேசாத ஒருவரைத்தான் வைக்க வேண்டியிருக்கும் என்று சர்ச் கமிட்டிக்குத் தெரியும். அதனால்தான் லெசியேலிக்குச் சம்பளத்தோடு ஒரு வருடம் விடுப்பு கொடுத்தார்கள். ஒன்றுக்கு மேல் கொடுக்க அவர்களால் முடியாது. அடுத்த வருடம் அவள் ஏழாம் நிலையோடு வர வேண்டும். வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாராவது இருப்பார்கள், பிள்ளைகள் ஆங்கிலத்தில் எண்ணுவார்கள்.

"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாரு," என்றாள் கலோ. கூட வேலை பார்ப்பவள். மூக்கு ஒழுகும் ஒரு பையனை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்க அத்தைக்குத் தெரியவா போகுது? அவங்க பாட்டுக்கு மாட்டி வச்சிருக்கட்டும். இங்க கம்ப்யூட்டர்ல ரத்து, அங்க செவுத்துல பத்திரம். யாருக்கு நஷ்டம்?"

"பொய்யில்ல அது?"

"பொய்தான். அத்தைகிட்டப் போய் குடுத்ததைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கறதைவிட சின்னப் பொய். அப்படிக் கேட்டேன்னு வை, உன் கல்யாணத்துக்கு சாபம், உன் பிள்ளைக்கு சாபம், உங்க அப்பாவுக்கு முழங்கால் வலி."

"எங்க அப்பாவுக்கு முழங்கால் வலி ஏற்கெனவே இருக்கு."

"அப்ப உங்க பரம்பரையில வேற யாரோ கேட்டிருக்காங்க."

அத்தையைப் பார்க்க வவாவு வரை போக வேண்டியதில்லை. டிசம்பரில் லெசியேலியின் தம்பி கல்யாணத்துக்கு வந்தவள் இன்னும் திரும்பவில்லை. கூடத்தில் பாய் விரித்து, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, தர்பூசணியைத் துருவித் தேங்காய்ப்பாலில் கலந்து குடித்தபடி வெயில் காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அக்கா இருக்கும் அறையில் தம்பி இருக்கக் கூடாது என்பது முறை என்பதால் அப்பா கராஜுக்குக் குடிபெயர்ந்திருந்தார். பழைய சோபா, ஒரு வானொலி, மீன் வலைகள். ஆள் அங்கே சந்தோஷமாகவே இருந்தார்.

லெசியேலி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வலையின் ஒரு முடிச்சைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப நீ டீச்சர் இல்லையா?"

"இல்லப்பா."

"பாதிரியார் சொன்னாரே."

"பாதிரியார் சொன்னா ஆயிடுமா?"

ஆகிவிடும் என்றுதான் அப்பா நினைத்திருந்தார் போலத் தெரிந்தது. முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு, "அக்காகிட்ட நான் கேக்க முடியாது. நீ கேக்கவே கூடாது," என்றார். "அந்த இன்னொரு வழியைப் பாரு."

"சத்தியம் பண்ணணும்பா. பொய் சத்தியம்."

அவர் சர்ச்சில் காணிக்கைப் பெட்டியை எண்ணும் பொறுப்பில் இருப்பவர். பைபிளில் கை வைத்துத் தவறாக ஒரு சொல் சொல்லாத மனிதர். "காகிதம் நம்ம கையை விட்டுப் போயிடுச்சுல்ல?" என்றார் வலையைப் பார்த்து. "கையை விட்டுப் போனா தொலைஞ்ச மாதிரிதான்."

அந்தச் சனிக்கிழமை அவள் நூலகத்துக்குப் போனாள். வாசல் பக்கத்தில் மேசை போட்டு, சாட்சிக் கையெழுத்துப் போடும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். குக் தீவுக்காரர், தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தார். அவள் நீட்டிய தாளை வாய்விட்டுப் படித்தார். "மேற்படி சான்றிதழ் தொலைந்துவிட்டது அல்லது அழிந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை என உறுதியளிக்கிறேன்." பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உண்மைதானேம்மா?"

எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். அவர் அவளைச் சந்தேகப்படவில்லை. ஆனால் 'தேடியும் கிடைக்கவில்லை' என்ற சொற்கள் அவளுக்குள் ஒரு படத்தைத் திறந்துவிட்டன. கடல் பார்த்த ஜன்னல், அதன் எதிர்ச் சுவர், சுவரில் தன் பெயர். அத்தை விருந்தாளிகளை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறாள், பொன் முத்திரையைக் காட்டுகிறாள். அந்த முத்திரை செத்துப் போனது அத்தைக்குத் தெரியாது. தெரியாமலேயே இன்னும் இருபது வருடம் காட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் நியூசிலாந்தில் படித்த யாரோ ஒரு பையன் வந்து பார்த்து, பார்க்காதது போலத் திரும்பிக்கொள்வான்.

"பேனா எழுதலையா?" என்று கேட்டார் பெரியவர், தன் பேனாவை நீட்டி.

"எழுதுது," என்றாள் லெசியேலி. தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தலைக்கு மேலே விமானங்கள் தாழப் பறந்து இறங்கிக்கொண்டிருந்தன.

அத்தை கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். லெசியேலி கதவோரம், பாயின் விளிம்புக்கு வெளியே, தலை அத்தையின் தலைக்கு மேலே போகாதபடி உட்கார்ந்தாள். கராஜ் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. வானொலிச் சத்தம் நின்றுவிட்டது.

"அத்தே, உங்க வீட்டுல என் சர்டிபிகேட் இருக்கில்ல."

"என் சர்டிபிகேட்," என்றாள் அத்தை.

"ஆமா, உங்க சர்டிபிகேட். அதைக் காலேஜ் ரத்து பண்ணப் போகுது."

"ஏன், காப்பி அடிச்சியா?"

"இல்ல அத்தே. அதை ரத்து பண்ணினாத்தான் அடுத்த படிப்புல சேர முடியும்."

"படிச்சதை அழிச்சுட்டுப் படிக்கறதா? நல்லா இருக்கு. ஏணியில ஏறினவன் கீழ்ப்படியை உருவித் தலைமேல வச்சுக்கற மாதிரி." அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். "அடுத்த படிப்பு எதுக்கு? டீச்சர் வேலைதான் பார்க்கறியே."

இதைத்தான் அவள் நான்கு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். "நான் டீச்சர் இல்ல அத்தே. ஒத்தாசைக்கு இருக்கேன். அந்தக் காகிதம் ஆறாவது படி. டீச்சர் ஏழாவது படி."

அத்தை அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"எங்க ஊர் நெயாஃபு சந்தையில மீன் விக்கறவ வரைக்கும் சொல்லியிருக்கேன். என் தம்பி மக ஆக்லாந்துல டீச்சர்னு."

"தெரியும் அத்தே."

"போன வருஷம் ஸ்கூல் விழாவுக்குப் பெரிய வாத்தியாரையே வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த ஆளு தலையைத் தலையை ஆட்டினான். எமகாதகன், அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்."

"உனக்கும் தெரிஞ்சிருக்கு, அவனுக்கும் தெரிஞ்சிருக்கு. தெரியாதவ நான் ஒருத்திதான்." கராஜ் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "இல்ல, வேற யாருக்காவது தெரியுமா?"

"எனக்கும் போன வாரம்தான் தெரியும்க்கா," என்றது கதவின் இடுக்கு. "நீங்க பேசுங்க. நான் இங்க இல்ல."

அத்தை திரும்பினாள். "சரி, இப்ப என்ன? கேக்க வந்தியா, சொல்ல வந்தியா?"

நூலகத்திலிருந்து வரும் வழி முழுக்க லெசியேலி யோசித்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. "கேக்கல அத்தே. சொல்ல வந்தேன். அது இனிமே செல்லாது. அது தெரியாம நீங்க யார்கிட்டயும் காட்டக் கூடாது."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும்."

"செல்லாதுன்னு யார் சொல்றது? என் வீட்டுச் செவுத்துல எது செல்லும் எது செல்லாதுன்னு இங்க மேசை போட்டு உக்காந்திருக்கறவனா சொல்லுவான்?" அவள் கோபமாக இருந்தாளா என்று சொல்ல முடியவில்லை. தர்பூசணி விதை ஒன்றை நாக்கில் புரட்டித் தட்டில் துப்பினாள். "அசல் இல்லாம அவன் ரத்து பண்ணுவானா?"

"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தா பண்ணுவாங்க."

"எழுதிக் குடுத்துட்டியா?"

"எழுதல. பேனா வரைக்கும் போனேன்."

"தொலைஞ்சு போச்சா?" இப்போது அத்தைக்கு நிஜமாகவே கோபம் வந்தது. முதுகு நிமிர்ந்தது. "என் வீட்டுல தொலைஞ்சு போச்சா? புயல் வந்து கூரை போனப்போகூட என் வீட்டுல ஒரு கரண்டி தொலையலடி. காகிதத்தை எடு. நான் சொல்றதை எழுது."

லெசியேலி எழுதினாள். அத்தை ஒவ்வொரு வாக்கியத்தையும் சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பது போலச் சொன்னாள். 'சான்றிதழ் தொலையவில்லை. அழியவும் இல்லை. என் வீட்டில் கண்ணாடி போட்டு, சாரல் படாத சுவரில் மாட்டியிருக்கிறது. அது எனக்குச் சேர வேண்டியது. யார் கேட்டாலும் தர மாட்டேன். என் தம்பி மகள் கேட்கவில்லை. கேட்க மாட்டாள், ஒழுங்காக வளர்ந்தவள்.' கீழே தன் பெயரைப் பெரிய பெரிய எழுத்துகளில் போட்டாள். திங்கட்கிழமை அவளே நூலகத்துக்கு வந்து, குக் தீவுப் பெரியவர் முன்னால் உட்கார்ந்து அதைத் தன் வாயால் ஒரு தரம் சொன்னாள். மொழி புரியாவிட்டாலும் அவர் தொப்பியை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

நைரி அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை இரண்டு முறை படித்தாள். "தொலைச்சவங்க கடிதம் ஒரு பெட்டி நிறைய இருக்கு. தர மாட்டேன்னு ஒருத்தர் சத்தியம் பண்ணிக் குடுத்தது இதுதான் முதல்," என்றாள். "விதியில இதுக்கு இடம் இருக்கான்னு தெரியல. கேட்டுப் பார்க்கறேன்."

கல்லூரிக் கமிட்டி என்ன பேசியது என்று தெரியாது. அசலைத் திரும்பப் பெற முடியாது என்பதற்கு ஆதாரம் இருப்பதால் ரத்து செய்யலாம் என்று முடிவாகியிருந்தது. நைரி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கோ. இதை அழுத்தின நிமிஷத்துல இருந்து உன்கிட்ட ஆறாம் நிலை கிடையாது. ஏழும் இன்னும் வரல. இந்த வருஷம் பயிற்சி வகுப்புல தவறிட்டேன்னு வை, பழையதைத் திருப்பிக் குடுன்னு என்கிட்ட வரக் கூடாது. ஆரம்பத்துல வாங்கினியே, அந்த ஐந்தாம் நிலை, அது ஒண்ணுதான் மிஞ்சும்."

"அது எங்க வீட்டுல இருக்கு. அதை யாரும் கேக்கல."

"அழுத்தட்டுமா?"

"அழுத்துங்க."

திரையில் ஒரு வரி மறைந்தது. அவ்வளவுதான், சத்தம் எதுவும் இல்லை. அன்று பிற்பகல் அவள் பள்ளிக்குப் போய், அரசாங்கக் கணக்கில் தன் பெயருக்கு நேரே இருந்த டிப்ளமோவை அடித்துவிடச் சொன்னாள். கலோ எட்டிப் பார்த்து, "வாடி, டிப்ளமோ இல்லாத எங்க ஜாதிக்கு வந்துட்ட," என்றாள். இனி அந்த இரண்டு வருடங்கள் எங்காவது படித்த வருடங்களாக இருந்தன என்றால், அது கடல் தாண்டி ஒரு சுவரில்தான்.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் அத்தை ஊருக்குக் கிளம்பினாள். அப்பா வண்டி ஓட்டினார், அத்தை முன்னால், லெசியேலி பெட்டிகளோடு பின்னால். தம்பியும் அக்காவும் வழி முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. விமான நிலைய வரிசையில் நெயாஃபுக்காரி ஒருத்தி, பழக்கப்பட்டவள், கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வைமோவானா, இதுதானே உங்க டீச்சர் பொண்ணு? சந்தையில சொல்லிச் சொல்லி முகமே தெரியும் போல இருக்கு."

லெசியேலி வழக்கம்போல் தலையைக் குனிந்தாள்.

"டீச்சர் இல்ல," என்றாள் அத்தை. "டிப்ளமோ வச்சிருந்தா. போன மாசத்தோட அதுவும் ரத்து. இப்போதைக்கு ஐந்தாம் நிலை. ஏழாம் நிலை படிக்கப் போறா, ஒரு வருஷம் ஆகும். ஆறு என்னாச்சுன்னு கேக்காதே, சொன்னா உனக்குப் புரியாது."

வந்தவளுக்கு வாழ்த்துவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு முகம் வைத்துக்கொண்டு, தன் பெட்டியைப் பார்க்கிற சாக்கில் நகர்ந்தாள். லெசியேலியின் காதுகள் சுட்டன. நிலைகளை இத்தனை சரியாக, வரிசை மாறாமல், அவள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. பாதிரியார் சொன்னதில்லை, அப்பா சொன்னதில்லை, அவளே சொன்னதில்லை.

"ஏழு வந்ததும் அது எனக்கு," என்றாள் அத்தை, வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்து.

"டீச்சராப் பதிவு பண்ண அசல் கேப்பாங்க அத்தே."

"எத்தனை நாளைக்கு?"

"பதிவு முடியற வரைக்கும்."

அத்தை யோசித்தாள். "சரி, அது வரைக்கும் வச்சுக்கோ," என்றாள். கவுண்டரில் கூப்பிட்டார்கள். லெசியேலி முதல் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் இடத்தில் வைத்தாள்.